கிராமபோன் கொலையும் எண்பத்தேழு கூப்பன்களும்

கோர்ட்டில் தோற்ற வழக்கைக் கதையில் ஜெயிக்கிற ஜீவராசி ஒன்று உண்டு. பார்த்திருக்கிறீர்களா? பென்ஷன் வாங்கிய மறுநாளே அது மைக்கூட்டைத் திறக்கும். ‘ஓய்வுபெற்ற பிராசிக்யூட்டர், தற்சமயம் துப்பறியும் நாவலாசிரியர்’ என்று வாசலில் பலகை மாட்டும். நம் ஜொகூர் பாருவில் அந்த இனத்துக்கு ஒரே ஒரு பிரதிநிதிதான். பெயர் வாலண்டைன். அந்த ஒருவரே ஊருக்குப் போதும். பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கும் கொஞ்சம் அனுப்பலாம்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? சாதாரண மனிதர் சாப்பிட உட்கார்ந்தால் என்ன குழம்பு என்று கேட்பார். வாலண்டைன் எழுந்து நிற்பார். கோட்டின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொள்வார்.

“நேத்து சாயந்தரம் ஆறு மணிக்கு இந்த மீன் எங்கே இருந்தது?”

“கடல்ல இருந்துச்சு,” என்பார் அவர் மனைவி கெர்ட்ரூட்.

“அதைப் பார்த்த சாட்சி?”

“இன்னொரு மீனு. அதையும் பொரிச்சாச்சு. உக்காருங்க.”

இருபத்தாறு வருஷம் போலீஸ் தரப்பில் வழக்கு நடத்தியவர். ஜெயித்த வழக்குகள் எத்தனை என்று கேட்டால் யோசிப்பார். தோற்றவற்றைக் கேளுங்கள்: தேதி, கிழமை, அன்று மழையா வெயிலா, மாஜிஸ்திரேட் எத்தனை முறை கொட்டாவி விட்டார் என்பதுவரை மனப்பாடம். அவற்றுக்கெல்லாம் மகுடம், கிராமபோன் வழக்கு.

கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரையின் பங்களாவிலிருந்து கிராமபோன் காணாமல் போயிற்று. ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி அர்ச்சுனனைப் பிடித்து நிறுத்தினார்கள். ஏன்? துரை பாட்டு வைக்கும்போதெல்லாம் அவர் தலையாட்டினாராம். கூண்டில் ஏறிய டாக்டர், அந்த வாரம் முழுவதும் இந்த மனிதர் மலேரியாவில் தன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடுங்கிக்கொண்டு கிடந்தார் என்றார். மாஜிஸ்திரேட் பேனாவை மூடுவதற்குள் அர்ச்சுனனுக்கு விடுதலை. கிராமபோன் இன்றுவரை கிடைக்கவில்லை. அர்ச்சுனன் தோட்டத்தை விட்டு ஜொகூர் பாருவுக்கு வந்து, தையல் கடை வைத்து, சொன்ன நாளில் சட்டையைக் கொடுக்கும் ஒரே தையற்காரர் என்று பெயரும் வாங்கிவிட்டார். துரை மறந்தார். ஊர் மறந்தது. வாலண்டைன் மறப்பாரா?

ரபேல் நடத்தும் ‘தென்முனைத் தூதன்’ வாரப் பத்திரிகையில் ‘கிராமபோன் கொலை’ தொடங்கியது. கிராமபோன் மட்டும் காணாமல் போனால் தூக்குத்தண்டனை கிடைக்காது அல்லவா? அதனால் துரையையும் கொன்றுவிட்டார். நாவலில் பிராசிக்யூட்டரின் பெயர் நீதிவாணன். ஆறடி உயரம், சிங்கநடை, வாலண்டைனிடம் பதினைந்து வருஷமாக இல்லாத தலைமுடி. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் அத்தியாயத்தில் ரயிலைத் தவறவிட்டவர்தான், கதை முடியும்வரை வந்து சேரவேயில்லை. உண்மையைச் சொல்லக்கூடிய டாக்டரை இரண்டாம் அத்தியாயத்தில் முதலை விழுங்கியது. அதுவும் எங்கே? ஆஸ்பத்திரி வாசலில்! மூன்றாம் அத்தியாயத்தில் நீதிவாணன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் தியானித்தார், “கிராமபோன் பொந்தியான் சதுப்பில், மூன்றாவது தென்னைக்குக் கீழே இருக்கிறது” என்றார், தோண்டினார்கள், இருந்தது. ஜட்ஜ் எழுந்து நின்று கைதட்டினார்.

கொலைகாரக் கிராணிக்கு என்ன பெயர்? அர்ச்சுனன் என்று எழுதினால் வழக்கு வரும். ஆகவே மிகுந்த ஜாக்கிரதையோடு பார்த்தன் என்று வைத்தார். பாரதம் கேட்ட பச்சைப் பிள்ளைக்கும் அது யார் என்று தெரியும். போதாததற்குப் பார்த்தனின் இடது கையில் ஆறு விரல்.

அர்ச்சுனனின் இடது கையிலும் ஆறு விரல். பத்திரிகை முடிதிருத்தும் கடையில் உரக்க வாசிக்கப்பட்டது, காப்பிக்கடையில் அலசப்பட்டது. தையல் கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் துணியைப் பார்க்காமல் விரலை எண்ணினார்கள். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். ஆனால் அவர் மகள் செல்வராணியைப் பொந்தியானிலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் பேச்சியம்மாள் பெண்ணைப் பார்த்துவிட்டார், பிடித்தும்விட்டது. பிறகு யாரோ ‘தென்முனைத் தூதன்’ ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். “கதை முடியட்டும், அப்புறம் வெத்தலபாக்கு மாத்திக்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அர்ச்சுனன் நேரே வாலண்டைன் வீட்டுக்குப் போனார்.

“ஐயா, அந்தப் பார்த்தனைத் தூக்குல போடப் போறீங்களாமே?”

“பார்த்தன் கற்பனைப் பாத்திரம். உமக்கு என்ன சம்பந்தம்?”

“கற்பனைக்கு எப்படிங்க ஆறாவது விரல் முளைச்சுது?”

“அது தற்செயல்.”

“என் மவ கல்யாணம் நிக்குதுங்க. ஒரு விரலையாவது வெட்டி விடுங்க. நெசத்துல இல்லீங்க, கதைல.”

“சாட்சியம் எங்கே போகுதோ, அங்கேதான் என் பேனா போகும்,” என்றார் வாலண்டைன்.

“சாட்சியம் சொல்ல வந்த டாக்டரத்தான் முதலைக்குப் போட்டுட்டீங்களே,” என்று அடுப்படியிலிருந்து கெர்ட்ரூட் குரல் கொடுத்தார். அது பதிவு செய்யப்படவில்லை.

கதை கடைசி அத்தியாயத்தை நெருங்கியபோது ரபேலுக்கு ஒரு யோசனை தோன்றியது. பத்திரிகையில் ஒரு கூப்பன் அச்சடித்தார். ‘கொலையாளி யார்? எழுதி அனுப்புங்கள். குலுக்கலில் வெல்பவருக்கு எலக்ட்ரிக் டார்ச் லைட்.’ வாலண்டைனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அன்று ஒரு மாஜிஸ்திரேட் விடுவித்த ஆளை இன்று ஒரு ஜில்லாவே குற்றவாளி என்று சொல்லப்போகிறதே! கூப்பன்களை அச்சகத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், பலர் முன்னிலையில்தான் பிரிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். பேச்சியம்மாளுக்குத் தம் கைப்பட அழைப்பு எழுதினார். அர்ச்சுனனுக்கு எழுதியதோ அழைப்பு மாதிரி இல்லை, சம்மன் மாதிரி இருந்தது.

அர்ச்சுனன் வந்து சுவரோரம் நின்றார். இடது கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். பக்கத்தில் செல்வராணி தரையைப் பார்த்தபடி நின்றாள். எதிர் நாற்காலியில் பேச்சியம்மாள்.

வாலண்டைன் தொண்டையைச் செருமி முதல் கூப்பனைப் பிரித்தார்.

“நீதிவாணன்.” அவர் குரல் தேய்ந்தது. “யாரோ விவரம் தெரியாதவர்.”

இரண்டாவது: நீதிவாணன். மூன்றாவது: நீதிவாணன், மூவாரிலிருந்து, இரண்டு முறை அடிக்கோடிட்டு. பன்னிரண்டாவதோடு அவர் உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை ரபேல் வாசித்தார். எண்பத்தேழு கூப்பன்களில் எண்பத்தொன்று நீதிவாணனுக்கு. நான்கு சமையற்காரனுக்கு. ஒருவர் கிராமபோனையே சந்தேகித்திருந்தார். பார்த்தனுக்கு ஒன்றே ஒன்று. அந்தக் கையெழுத்தைக் கோர்ட்டுக் குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் தெரியும்.

“அலமாக்!” என்று மலாயில் வியந்தார் ரபேல். “உங்க ஈரோதான் கொலகாரனாம் லா!”

“எந்த ஆதாரத்தில்?” வாலண்டைன் மேசையைத் தட்டினார். “நான் ஆட்சேபிக்கிறேன்!”

பேச்சியம்மாள் எழுந்தார். “ஐயா, கோச்சுக்காதீங்க. கிராமபோன் சதுப்புல, மூணாவது தென்னைக்கடில கெடக்குதுன்னு அந்த நீதிவாணனுக்கு யாரு சொன்னது?”

“அது அவருடைய ஞானதிருஷ்டி!”

“எங்க ஊருல மாடு காணாமப் போனா, கண்ண மூடிக்கிட்டு எடத்தச் சொல்ற ஆளத்தான் மொதல்ல புடிச்சுக் கட்டுவோம். நானும் அவரு பேரத்தான் எழுதிப் போட்டேன்.” பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினார். “என்ன அண்ணே, கையப் பையிலயே வச்சிருந்தா வெத்தலபாக்க எப்புடி வாங்குவீங்க? எடுங்க வெளிய.”

அர்ச்சுனன் கையை எடுத்தார். செல்வராணி அப்போதுதான் நிமிர்ந்தாள்.

டார்ச் லைட் யாருக்கு விழுந்தது தெரியுமா? கெர்ட்ரூட்டுக்கு. தாம் எழுதிய பெயர் என்னவென்று அவர் இன்னும் கணவரிடம் சொல்லவில்லை. கணவரும் கேட்கவில்லை, இருபத்தாறு வருஷத்தில் அவர் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான். தோல்வியை ஒப்புக்கொண்டாரா? இந்த இனமா? கடைசி அத்தியாயத்தில் பார்த்தன் தூக்கில் தொங்கிய அதே வாரம், அர்ச்சுனன் கல்யாணப் பந்தலில் ஆறு விரலாலும் வாளியைப் பிடித்துப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார். வாலண்டைன் அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டார். பெயர்: ‘எண்பத்தொரு பொய்ச்சாட்சிகள்’. அதில் முதலைகள் அதிகம் என்று கேள்வி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நேரம் அந்த மனிதரைக் கூண்டில் நிறுத்தி, மீனையும் முதலையையும் சாட்சிக்கு இழுத்து, அவருக்கு ஒரு வக்கீலும் வைக்காமல் நான் சொல்லிக்கொண்டே போனேன். “வாலண்டைன் தரப்பில் சொல்ல ஏதாவது இருக்கிறதா?” என்று எந்த இடத்திலாவது நிறுத்திக் கேட்டீர்களா? இல்லை. தலையாட்டிக்கொண்டே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

கை நன்றாகப் பழகியிருக்கிறது. மைக்கூடு வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள்.