கரிவாயு காரில் என் ஜானவாசம்

எழுதத் தெரிந்தவனுக்கு யோசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் என் கல்யாண போட்டோவில் எனக்குப் புருவம் இருந்திருக்கும்.

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன், கூப்பனுக்குச் சிபாரிசு. ஆகவே பட்டணத்துக் கார்கள் பலவும் முதுகில் ஒரு இரும்பு டிரம்மைச் சுமந்துகொண்டு திரிந்தன. டிரம்மில் அடுப்புக் கரியைப் போட்டுப் பற்றவைத்தால் ஒரு வாயு வரும். அதில் வண்டி ஓடும். (ஓடும் என்பது மரியாதைக்கு. நடக்கும்.) இந்த டிரம்களைச் செய்து விற்ற தியாகராய நகர் கம்பெனி ஒன்றில்தான் எனக்கு வேலை. டிரைவர்களுக்குத் தமிழில் ஒரு செய்முறைப் புத்தகம் எழுத வேண்டும். நான் தமிழில் ஆனர்ஸ். அந்தக் கர்வம் தலைக்கு மேல் ஒரு முழம் நின்றது.

முதலாளி தெளிவாகத்தான் சொன்னார்: "தம்பி, ஒரு வாரம் ஷெட்டுல நில்லுங்க. டிரைவருங்க எப்படிக் கிளப்புறாங்க, எங்க தடுமாறுறாங்கன்னு பாருங்க. எதை முதல்ல சொல்லணும், எதை அப்புறம் சொல்லணும்னு முடிவு பண்ணுங்க. பிறகு பேனாவை எடுங்க."

ஷெட்டில் நின்றால் வேட்டி கறுத்துவிடுமே! தலையை ஆட்டிவிட்டு நேரே மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்து, டிரம்மைப் பற்றிய இங்கிலீஷ் விளம்பரத் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். முதல் பக்கம் கடவுள் வாழ்த்து. இரண்டாம் பக்கம், ஆதி மனிதன் நெருப்பைக் கண்ட வரலாறு. மூன்றாம் பக்கத்தில்தான் டிரம் வரும். மிக முக்கியமான விஷயத்தை மட்டும் கடைசிப் பக்கத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். நல்ல காவியத்தில் உச்சம் கடைசியில்தானே வரும்?

முதலாளி என்னை நம்பி, படித்துக்கூடப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டார், பாவம்.

அந்தச் சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் அலமேலு, தெற்கு மாட வீதி. "மாப்பிள்ளை எழுதின புஸ்தகம் அச்சுல வந்திருக்கு" என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்ன புஸ்தகம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளையைக் கோட்டு சூட்டு போட்டுத் திறந்த காரில் உட்காரவைத்து ஊர்வலமாக அழைத்து வரவேண்டும். பெட்ரோல் ஏது? முதலாளி பெரிய மனசு பண்ணி, கம்பெனியின் கரிவாயு காரையே அனுப்பினார். ஓட்டி வந்தவர் ராயப்பேட்டை காதர் பாய். பெட்ரோல் வண்டியில் மனுஷர் சூரர். கரி வண்டிக்கு அன்றுதான் புதுசு. ஆனால் கவலையே இல்லாமல் வந்தார். என் புத்தகம்தான் சீட்டுக்கு அடியில் இருந்ததே.

லஸ் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கிளம்பினோம். முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் காஸ் லைட். கோயில் குளத்தருகே வந்ததும் கார் இருமியது. இன்னொரு தரம் இருமிவிட்டு நின்றே போயிற்று.

காதர் பாய் இறங்கிப் புத்தகத்தைப் பிரித்து, காஸ் லைட் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டி உரக்கப் படிக்க ஆரம்பித்தார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"சாமி, பிள்ளையாரு பாட்டாவே கீதே. வண்டி எப்போ வரும்?"

"அடுத்த பக்கம் பாருங்கோ பாய்."

"இதுல எவனோ கல்லை ஒரசிக்கினு கீறான் சாமி!"

கூட்டம் சிரித்தது. என் தமிழ் மாட வீதியில் அரங்கேறுகிற பூரிப்பில் எனக்கு அது உறைக்கவே இல்லை. மூன்றாம் பக்கம் வந்தது. 'கரி குறையுமாயின் மேல்மூடி நீக்கிக் கரி இடுக.'

"அச்சுல போட்டுக்கீது, தப்பா இருக்குமா?" என்று ஒரு நீளக் கம்பியால் மூடியை நெம்பினார் பாய். 'இடுக' என்பதை அவர் 'இடுக்கி' என்று படித்ததைத் திருத்துவதற்காக நான் சீட்டின் மேல் மண்டியிட்டு, டிரம்முக்கு நேரே முகத்தை நீட்டினேன்.

'பொஃப்!'

தூர நின்று நெம்பியதால் பாய் தப்பித்தார். எனக்குப் புருவம் போயிற்று. மாலை கருகியது. மாமனார் வாங்கிக் கொடுத்த சூட்டின் நிறம் என்னவென்று இன்றுவரை யாருக்கும் ஞாபகமில்லை.

பதறிப்போய் மிச்சப் பக்கங்களைப் புரட்டிய பாய் கடைசிப் பக்கத்தில் நின்றார். "சாமி... 'இவை யாவினும் தலையாயது யாதெனின், அனல் தணியுமுன் மூடி திறப்போர் முகம் கருகுவர்'னு போட்டுக்கீது. இதை மின்னாடியே சொல்லக் கூடாதா சாமி?"

காரைத் தள்ளிக்கொண்டுதான் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் பெண்ணின் பெரியப்பா வழிமறித்தார். "அக்னியே மூஞ்சியில அடிச்சிருக்கு. இதைவிட என்ன அபசகுனம் வேணும்? லக்ன பத்திரிகை வாசிக்க வேண்டாம். கல்யாணத்தையே நிறுத்துங்கோ!"

கல்யாணம் நின்று போனால் நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன்? (இருந்த முகம்தான் அடையாளம் தெரியாமல் போய்விட்டதே!) என் முகம் கிடக்கட்டும். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல்: "அப்பா, அந்தப் புஸ்தகத்தை வாங்கிண்டு வாங்கோ."

கல்யாணப் பெண் கூடத்து விளக்கடியில் நின்று முழுப் புத்தகத்தையும் படித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பெரியப்பா, இது சகுனமே இல்லை. முதல்ல சொல்ல வேண்டியதைக் கடைசியில சொல்லியிருக்கார். சகுனமா இருந்தா நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. இதைத் திருத்திடலாம்."

"எதைடி திருத்துவே? புஸ்தகத்தையா, மாப்பிள்ளையையா?"

"ரெண்டையும்தான்."

அதைக் கேட்டு முதலில் சிரித்தவர் பெரியப்பாதான். மறுநாள் முகூர்த்தத்தில், வைத்தியர் தடவிய மஞ்சள் களிம்போடு தாலி கட்டினேன்.

வேலை போகும் என்றுதான் நினைத்தேன். முதலாளியோ, "இப்பவாவது ஷெட்டுக்கு வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் புண்ணியவானை நினைக்காத நாளில்லை. வீட்டில் அலமேலு கேள்வி மேல் கேள்வி கேட்டாள். "இதைப் படிக்கிறவர் எங்கே நின்னுண்டு படிப்பார்? கையில என்ன வச்சிண்டிருப்பார்? எதைத் தொட்டா சுடும்?" பதில் தேடி ஷெட்டுக்குப் போய் நின்றேன், வேட்டி கறுத்தது. காதர் பாய் கோபமே இல்லாமல், தான் தடுமாறிய இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினார். எதற்குப் பின் எது என்று முழுக்க முடிவான பிறகுதான் பேனாவைத் தொட்டேன். புதுப் புத்தகத்தின் முதல் வரி: 'மூடி சூடாக இருக்கும். விலகி நில்லுங்கள்.' அன்று தொடங்கி, ஆயுசு முழுக்க இயந்திரங்களைப் பற்றி எழுதியே குடும்பத்தைக் காப்பாற்றினேன். எல்லாம் முதலாளி, அலமேலு, காதர் பாய் மூவரும் போட்ட பிச்சை.

எங்கள் வீட்டில் இப்போதும் அலமேலுவுக்குக் கோபம் வந்தால், பிள்ளைகள் கூடத்திலிருந்தே குரல் கொடுப்பார்கள்: "அப்பா, மூடி சூடா இருக்கு. விலகி நில்லுங்கோ!"

நானே எழுதிய வரிதான். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது விலகி நிற்க எனக்கு மனசு வந்ததில்லை.