முப்பது பேருக்கும் ஒன்றும் தெரியாது

"இது நெடுங்காடு போற வண்டிடீ, ஏறாத!"

கோட்டுச்சேரி கடைத்தெருவில் இந்தக் குரல் காதில் விழுந்ததும் அல்லி அப்படியே நின்றுவிட்டாள். குரல் குஞ்சம்மாவுடையது. ஆறு மாதமாக அல்லியின் முதியோர் கல்வி வகுப்பில் உட்கார்ந்து, 'அ' எது 'ஆ' எது என்று தெரியாமல் முழிக்கிற அதே குஞ்சம்மா. பக்கத்தில் நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, நடவு முடிந்து சேற்றுக் காலோடு முப்பது பெண்களும் குரும்பகரம் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"குஞ்சம்மாக்கா, காலையில பஸ் போர்டைப் படிச்சீங்களா?"

"நானா? கலரைப் பாத்துச் சொன்னேன் டீச்சர்."

"ரெண்டு வண்டியும் ஒரே கலரு."

"சத்தம் வேறயாச்சே? நெடுங்காட்டு வண்டி இருமிக்கிட்டே வரும்."

வகுப்பு சிரித்தது. அல்லி சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. அவள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். வாங்கிய மறுவாரமே அப்பா பூமிநாதன், அரிசி மில் செல்லையனுக்குப் பேசி முடிக்கப் பார்த்தார். உமியைத் தவிர உலகத்தில் வேறொன்றைப் பற்றியும் பேசத் தெரியாத ஆள். அல்லி சண்டை போட்டு இந்த வேலைக்கு வந்தாள். "வேலை இருக்குறவரைக்கும் ஒன் பேச்சு. வேலை போச்சுன்னா தையில தாலி" என்பது அப்பாவின் ஒப்பந்தம். அடுத்த மாதம் பரீட்சைக்கு அதிகாரி வருவார். முப்பது பேரும் பூஜ்யம் வாங்கினால் இப்படி ஒரு டீச்சரை யார் வைத்துக்கொள்வார்கள்?

இவர்கள் வேண்டுமென்றே தன்னைக் கவிழ்க்கிறார்கள் என்ற சந்தேகம் அவளுக்குள் புகுந்துகொண்டது. பி.ஏ. படித்தவள், பொறியும் வைத்தாள்.

மறுநாள் ஒன்றும் பேசாமல் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள்: 'குஞ்சம்மா முதுகில் தேள்.'

எழுதிவிட்டுத் திரும்பினாள். முப்பது முகத்திலும் ஒரு சலனமில்லை. குஞ்சம்மா மட்டும் மூச்சை இழுத்துப் பிடித்துக் கட்டையாக உட்கார்ந்திருந்தாள். பின்வரிசைக் காசியம்மாவின் கை மெள்ள நீண்டு, குஞ்சம்மாவின் முதுகில் முந்தானையால் ஓங்கி ஒரு தட்டு தட்டியது.

"என்ன காசியம்மாக்கா?"

"ஈ இருந்துச்சு டீச்சர்."

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"யாருக்குத் தெரியும்? கோலம் மாதிரி அழகாத்தான் இருக்கு."

அல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் இன்னும் காரமாக எழுதினாள்: 'அஞ்சுகம் நட்ட வயலில் வண்டியே ஓட்டலாம்.' அந்த ஊரிலேயே நெருக்கமாக, நூல் பிடித்த மாதிரி நடுகிறவள் அஞ்சுகம். அவளுக்கு இதைவிடப் பெரிய வசவு கிடையாது.

அஞ்சுகத்தின் மூக்கு விடைத்தது. வாய் திறக்கவில்லை.

ஆனால் மறுநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. அவளோடு சேர்ந்து நடுகிற பதினோரு பேரும் வரவில்லை. அல்லி அவள் வீட்டுக்கே போனாள்.

"ஏன் அஞ்சுகம் வரல?"

"வண்டி ஓட்டப் போயிருந்தேன்."

"நான் எழுதினதை யாரு படிச்சுச் சொன்னா?"

"காத்துல வந்துச்சு."

மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவர இரண்டு நாள் ஆயிற்று. வந்தவர்கள் முன்னிலும் மோசம். இப்போது 'அ'வைக் கூடத் தலைகீழாகப் போட்டார்கள். அதுவும் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரித் தலைகீழாக. எழுதத் தெரியாதவர்களுக்கு இவ்வளவு ஒற்றுமை எங்கிருந்து வரும்?

அல்லி பொறுமையிழந்து அதிகாரிக்குக் கார்டு போட்டாள்: 'என் மாணவிகள் படிக்கத் தெரிந்தும் நடிக்கிறார்கள். உடனே நேரில் வந்து சோதிக்கவும்.'

தெட்சிணாமூர்த்தி என்ற அந்த அதிகாரி காரைக்காலிலிருந்து குடையோடு வந்து இறங்கினார். 'க' எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னம்மா?"

"தூண்டில் மாதிரி இருக்குங்க" என்றாள் குஞ்சம்மா.

"நீ சொல்லும்மா."

"அக்கா சொன்னாச் சரியாத்தாங்க இருக்கும்" என்றாள் அஞ்சுகம்.

முப்பது பேரையும் கேட்டு முடித்து அவர் கண்ணாடியைக் கழற்றினார். "படிச்சிட்டாங்கன்னு கார்டு போட்டியேம்மா. எனக்கென்னவோ இனிமேதான் நீ ஆரம்பிக்கணும்னு தோணுது."

செல்லையனும் அவனுடைய உமியும் அல்லியின் கண்ணெதிரே வந்து நின்றார்கள். ஒரு வார்த்தை பேசாமல் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கரும்பலகை கிறீச்சிட எழுதினாள்: 'நான் வேலையை விடுகிறேன். நாளை முதல் வரமாட்டேன்.'

"ஐயய்யோ, போவாதீங்க டீச்சர்!"

முப்பது தொண்டையும் ஒன்றாக அலறியது. காசியம்மா எழுந்தே நின்றுவிட்டாள். அலறி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவர்களுக்கு உறைத்தது. குஞ்சம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா சார்!" அல்லி குதித்தாள். "நான் வாயே திறக்கல. படிச்சிட்டாங்க! எல்லாரும் படிச்சிட்டாங்க!"

தெட்சிணாமூர்த்தி முகமெல்லாம் பல்லாக வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். 'முப்பது பேரும் தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ரொம்பச் சந்தோஷம்மா. சரி, சாவியைக் குடு."

"எந்தச் சாவி சார்?"

"இந்த எடத்துச் சாவிதான். நாளையிலேருந்து வகுப்பு இல்ல, ஒனக்கும் வேலை முடிஞ்சுது. தேறினவங்க அன்னிக்கே வெளிய போயிடணும், ஒருத்தராவது படிக்காதவங்க இருக்குறவரைக்கும்தான் நடத்தலாம். விதி அதுதானே? பதிவேட்டுப் பின்னட்டையிலேயே அச்சடிச்சிருக்கே, நீ படிச்சதில்லையா?"

அல்லி பதிவேட்டைத் திருப்பினாள். பின்னட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது. ஆறு மாதமாகத் தினமும் கையில் பிடித்த பதிவேடு. ஒருநாள்கூட அவள் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

குஞ்சம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்:

"நீங்க அதைத் தூக்கிப் பிடிச்சுப் பேரு கூப்புடுறப்போ பின்னட்டை எங்க பக்கந்தானே டீச்சர் இருக்கும், நாங்க எழுத்துக்கூட்டி மொதமொதல்ல படிச்சதே அதைத்தான், அன்னியிலேருந்துதான் எங்க முப்பது பேருக்கும் ஒண்ணும் தெரியாமப் போச்சு."