தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் நித்திய சீவியம்

மனுசன் எதற்காவது அடிமையாகச் சாராயம்தான் வேண்டும் என்பதில்லை, ஒரு கட்டைவிரல் போதும். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. கல்யாண ஓலையையே கோட்டைவிடப் பார்த்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் அக்கா வீட்டுக்காரர் துபாயிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குத்தான். (பிள்ளைகளை வெயிலில் விளையாடுங்கள் என்று விரட்டிவிட்டவன் நான்.) அதுவரை டிவி காட்டியதை நாம் பார்த்தோம். அன்று நான் பொத்தானை அழுத்த, டிவிக்குள் பச்சைச் சட்டை போட்ட ஒரு குட்டிப்பயல் துள்ளிக் குதித்தான். என் பேச்சை வீட்டில் யாருமே கேட்டதில்லை, டிவி கேட்டது! எனக்குப் புல்லரித்துப்போனது. இரண்டாவது ஸ்டேஜில் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பழம் ஒளிந்திருக்கும். அதைத் தின்றுவிட்டால் அவனுக்குச் சாவே கிடையாது. அடேயப்பா, அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் ஸ்டெல்லாவோடு எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால்தான் கல்யாணம். ஓலை எழுதுமுன் பங்குச் சாமியார் மந்திரம் கேட்பார், அதாவது செபங்களை ஒப்பிக்கச் சொல்வார். கல்யாணமே நடத்தக் கூடாத தவக்காலம் நெருங்கிவிட்டது. மந்திரம் ஒப்பிக்க அந்தச் சனிக்கிழமையை விட்டால் கல்யாணம் ஈஸ்டர் பாஸ்காவுக்குப் பிறகுதான்.

"ஏலே, விசுவாச மந்திரம் படிச்சியா?" என்று அம்மா கத்தினார்.

"செத்த இரும்மா, இந்தப் பாலத்தத் தாண்டிர்றேன்."

பாலம் தாண்டினால் கோட்டை. ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, டிவியை அணைக்காமல் (அணைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்) சாமியார் வீட்டுக்கு ஓடினேன். ஓடியது உடம்பு மட்டும்தான்.

அங்கே ஸ்டெல்லாவும் அவள் அப்பாவும் காத்திருந்தார்கள். அவர் நத்தத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர், சிரித்து நான் பார்த்ததில்லை. ஸ்டெல்லா கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். நான் பாதியில் நின்றேன். என் கட்டைவிரல் மட்டும் தொடையை அழுத்திக்கொண்டிருந்தது.

சாமியார் இரக்கப்பட்டார். "சரி, கேள்வியா கேக்குறேன். கடைசியில நித்திய சீவியம்னு வருதே, சாவே இல்லாத அந்த வாழ்வு எங்க கெடைக்கும்?"

"ரெண்டாவது ஸ்டேஜுல, தண்ணித்தொட்டிக்குப் பின்னால இருக்கு சாமி!"

ஸ்டெல்லாவின் அப்பா எழுந்துவிட்டார். "என்ன மாப்ள சொல்றீக? சாமி, இவருக்கு மண்ட குழம்பிருச்சு!" ஸ்டெல்லா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். (அழுகிறாள் என்று பதறினேன். சிரித்திருக்கிறாள்.)

"காலைப் பூசைக்கு முன்னால தப்பில்லாம ஒப்பிச்சா ஓல எழுதுவேன்," என்றார் சாமியார்.

வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. பச்சைச் சட்டைக்காரன் கோட்டை வாசலிலேயே மாய்ந்துபோயிருந்தான். அழுகையே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மந்திரம் படித்தேன். காலையில் ஒப்பித்தேன், ஓலையும் வாசித்தார்கள். கரண்ட் மட்டும் இருந்திருந்தால் நான் இன்னும் பிரம்மச்சாரிதான்.

அதன் பிறகு மாமனார் என்னை விடவில்லை. செருப்பைக் காணோம், மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று எதைத் தேடினாலும், "தண்ணித்தொட்டிக்குப் பின்னால பாருங்க மாப்ள" என்பார். சில வருடங்கள் கழித்து அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். பிழைப்பாரோ என்று எல்லோரும் பதறி நின்றோம். கண் விழித்தவர் பெற்ற மகளைக்கூடக் கேட்கவில்லை, என்னைத்தான் கையசைத்துக் கூப்பிட்டார். காதருகே குனிந்தேன்.

"அங்கன போயிப் பாத்துட்டேன் மாப்ள. தொட்டி இருக்கு, பழத்தக் காணோம். நீங்க தின்னுட்டீகளா?"