சிப் அண்ணனுக்கு, போர்டு தம்பிக்கு

"உக்காந்துச்சு," என்றார் ஸ்டுடியோக்காரர். "ஆனா எந்திரிக்க மாட்டேங்குது."

கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார், காய்ச்சல்காரப் பிள்ளையை டாக்டரிடம் தூக்கி வருகிறவரைப் போல. கடைக்கார அண்ணன் அதை வாங்கி மேசைமேல் வைத்து, ஒயர்களைச் செருகி, பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. சிவப்பு விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கருப்பாகவே இருந்தது.

"முந்தாநாள் நீங்கதானே சொன்னீங்க, இந்தச் சிப்பு என் போர்டுல உக்காரும்னு?"

"சொன்னேன்."

"ரெண்டும் ஒரே நம்பர்னீங்க."

"ஒரே நம்பர்தாங்க. சிப் பெட்டியில 1151. உங்க போர்டுலயும் 1151. நீங்களே பாருங்க."

"நான் பாத்து என்ன ஆகப்போகுது? அது என்னைப் பாக்க மாட்டேங்குதே."

அண்ணன் வழக்கம்போலத் தலையைப் பின்பக்கம் திருப்பி, உள்ளறையை மறைத்துத் தொங்கிய திரைச்சீலையைப் பார்த்து வாயைத் திறந்தார். திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார். உள்ளறையில் ஆள் இல்லாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. கழுத்துக்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

பத்தொன்பது வருடம் அந்தக் கடை அப்படித்தான் நடந்தது. முன்னால் நின்று பேசுவது அண்ணன். தெருவுக்கே அவர் அண்ணன்தான். மௌஸ் வாங்க வந்தவரை பிரிண்டரோடு அனுப்பிவைக்கும் வாய் அவருக்கு. ப்ராசஸர் என்னும் சிப் கம்ப்யூட்டரின் மூளை, மதர்போர்டு அது அமரும் பலகை, பலகையில் மூளைக்கென்று சாக்கெட் என்றொரு சதுரக் குழி உண்டு, எல்லா மூளையும் எல்லாக் குழியிலும் அமராது என்பது வரை அவருக்குத் தெரியும். எது எதில் அமரும் என்பது தம்பிக்குத்தான் தெரியும். "டேய், இது அதுல உக்காருமா?" என்று அண்ணன் திரைச்சீலையைக் கேட்பார். "உக்காரும்ண்ணே," "உக்காராதுண்ணே" என்று திரைச்சீலை சொல்லும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர், "உள்ள இருக்கறவர்தான் கடைக்கே மூளை போல," என்றார்.

"அது வெறும் அகராதிங்க," என்றார் அண்ணன் சிரித்தபடி. "புரட்டிப் படிக்கிறது நான்தான்."

வாயைவிட்டு வந்தபோது அது நகைச்சுவையாகத்தான் இருந்தது. திரைச்சீலையைத் தாண்டும்போது வேறொன்றாகிவிட்டது. அன்று மாலை அண்ணன் இரண்டு முறை கேட்டும் உள்ளிருந்து பதில் இல்லை. மூன்றாம் முறை பதில் வந்தது: "அகராதியில தேடிப் பாருங்க."

'விளையாட்டுக்குச் சொன்னேன்டா' என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று விநாடி வேலை. அதைச் செய்யாமலிருக்க அண்ணன் அன்றுமுதல் கடுமையாக உழைத்துவந்தார்.

ஒரு மாதத்தில் பாகப்பிரிவினை. நடத்திவைத்தவர் அக்காவின் கணவர். அரசாங்கத்தில் சர்வேயர், எத்தனையோ எல்லைத் தகராறுகளை டேப்பும் பொறுமையுமாகத் தீர்த்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் ஒரு பட்டியலோடு வந்து உரக்கப் படித்தார். கீபோர்டு பாதிப் பாதி. மானிட்டர் பாதிப் பாதி. ப்ராசஸர் மொத்தமும் அண்ணனுக்கு. மதர்போர்டு மொத்தமும் தம்பிக்கு.

"பூட்ட ஒருத்தருக்கும் சாவிய ஒருத்தருக்கும் குடுத்திருக்காரய்யா!" என்று பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அண்ணனும் சிரித்தார். "அத்தானுக்கு நிலத்தைத் தவிர என்ன தெரியும்? சின்னப் பெட்டி ஒரு பக்கம், பெரிய பெட்டி ஒரு பக்கம்னு அடுக்கிட்டாரு." ஆனால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். "மூளை எனக்கு, பலகை அவனுக்கு. சரியாத்தான் இருக்கு," என்றார். அதையும் தம்பியின் காதில் விழும்படியாகவே சொன்னார். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அந்தத் தம்பி மாடியறையையும் காலி செய்துகொண்டு, மூன்று தெரு தள்ளிக் கடை போட்டுவிட்டான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நான் ஒரு ஆல்பம் முடிச்சுக் குடுக்கணும்," என்றார் ஸ்டுடியோக்காரர். "இல்லேன்னா என்னை உக்கார விடமாட்டாங்க."

"விட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் போனதும் அண்ணன் கைபேசியில் தேடினார். உட்காரும் என்று ஒருவன் எழுதியிருந்தான். உட்காராது என்று இன்னொருவன். முன்னவர்கள் இருவருமே முட்டாள்கள் என்று மூன்றாமவன். அண்ணன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

"குரல மாத்தி ஒரு போன் பேசணும்."

"யாருக்கு?"

"அவனுக்கு. வாடிக்கையாளர் மாதிரி. என்ன கேக்கணும்னு எழுதித் தர்றேன்."

"பத்தொம்பது வருஷம் என் கையால சாப்பிட்ட புள்ளைங்க அது. அதுகிட்ட நான் குரல மாத்திப் பேசணுமா? நேரா நீங்களே கேட்டா முத்து உதிர்ந்துடுமா?"

"உதிர்ந்துடும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி பேசினாள். "ஹலோ, மதர்போர்டு கடைங்களா? 1151 சிப்பு 1151 போர்டுல..."

"அண்ணி," என்றது மறுமுனை, "சளி பிடிச்சிருக்கா? வெந்நீர் குடிங்க."

மூக்கிலிருந்து கை தானாக இறங்கியது. அதன்பிறகு கால்மணி நேரம் அவர்கள் பேசினார்கள். இட்லி மாவு, மூட்டுவலி, மாடியறை ஜன்னலில் கூடு கட்டிய புறா எல்லாம் வந்தன. சாக்கெட் வரவே இல்லை. அண்ணன் சைகையால் அபிநயம் பிடித்துப் பார்த்துக் களைத்துப்போனார்.

"என்ன சொன்னான்?" என்றார், அவள் வைத்ததும்.

"வைக்கறப்ப, அண்ணனை நேரா கேக்கச் சொல்லுங்க, சொல்றேன்னாரு."

"பாத்தியா? நான் போய்க் கையைக் கட்டி நிக்கணுமாம்!"

"கையக் கட்டுன்னு யாருங்க சொன்னா? கேளுன்னுதானே சொன்னாரு."

மறுநாள் ஜெராக்ஸ்காரரைப் பிடித்தார். ஸ்டுடியோக்காரரின் பெட்டியை அவர் தலையில் ஏற்றி, சொந்தப் பெட்டியைப்போலக் காட்டி விஷயத்தைக் கறந்து வரும்படி அனுப்பினார். ஜெராக்ஸ்காரர் இரண்டு மணி நேரம் கழித்து, தம்பி வாங்கிக்கொடுத்த காபியின் மணத்தோடு திரும்பி வந்தார்.

"பெட்டியத் தொறந்து ஒரு பார்வைதான் பாத்தாரு. 'இது எங்க அண்ணன் வித்த சிப்புதானே'ன்னுட்டாரு."

"நீ ஒளறிட்டியா?"

"நான் ஏன் ஒளறணும்? பெட்டிக்குள்ள கெடந்த சிப்பு ஒறையில உங்க கையெழுத்து இருந்துச்சு. கேளுங்க முழுசா. 1151ல ரெண்டு ஜாதியாம். நம்பர் ஒண்ணு, குழி ஒண்ணு, உக்காரவும் உக்காருமாம். ஆனா பழைய போர்டு புதுச் சிப்ப ஏத்துக்காதாம். ஏத்துக்கற போர்டு அவர்கிட்ட இருக்காம். உங்களை நேர்ல வரச் சொன்னாரு."

"யாரு யாரை வரச் சொல்றது?"

"அதை நீங்களே போய்க் கேளுங்க. இன்னொண்ணு, அவர் கடையில சிப்பே இல்ல. வெளியில வாங்கி வைக்கவும் மாட்டேங்கறாரு. வர்றவங்களையெல்லாம் 'சிப்பு எங்க அண்ணன் கடையில'ன்னு கைகாட்டி அனுப்பறாராம்."

அண்ணனுக்கு நினைவு வந்தது. எட்டு மாதமாக வாரத்துக்கு நாலைந்து பேர், 'தம்பி கடையில அனுப்பினாங்க' என்று வந்துகொண்டுதான் இருந்தார்கள். வேவு பார்க்க அனுப்புகிறான் என்று எண்ணி, சிப் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அத்தனை பேரையும் திருப்பி அனுப்பியிருந்தார்.

அன்றே போயிருக்கலாம். கால் செருப்புக்குள் பாதி நுழைந்தும்விட்டது. அந்த நேரம் பார்த்து ஜெராக்ஸ்காரர், "போங்க போங்க, எத்தனை நாளைக்குத்தான் முறுக்கிக்கிட்டுத் திரிவீங்க?" என்று சிரித்துவிட்டார். செருப்பு கழன்றது.

அண்ணன் தொலைவில் இருந்த ஒரு மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு, ஒரு மதர்போர்டு கேட்டார். "எந்த வகைண்ணே?" என்றான் அவன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் இவருக்கு வியாபாரியே வேண்டியதில்லை. "நல்லதா ஒண்ணு அனுப்பு," என்றார்.

வியாழக்கிழமை பார்சல் வந்தது. பெட்டியில் 1150 என்று போட்டிருந்தது.

அண்ணன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டுடியோக்காரர் காலையிலிருந்து ஆறு முறை கூப்பிட்டுவிட்டார். 1151க்கும் 1150க்கும் குழியில் ஒரு பின்தான் வித்தியாசம். ஆயிரத்துச் சொச்சம் பேர் கூடிய கூட்டத்தில் ஒருவர் வராமல் போனால் கூட்டம் நின்றுவிடுமா என்ன? சிப்பைக் குழியில் வைத்தார். அமரவில்லை. கட்டைவிரலால் கொஞ்சம் எடுத்துச் சொன்னார். அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, குழிக்குள் மயிரிழை கனத்தில் நின்ற பின்களில் ஒரு மூலை மட்டும் காற்றில் சாய்ந்த பயிர்போலப் படுத்திருந்தது. மனைவியின் தையல் ஊசியால் நிமிர்த்த உட்கார்ந்தார். முதல் பின் நிமிர்ந்தது. இரண்டாவது, பக்கத்துப் பின்னையும் சாய்த்துக்கொண்டு நிமிர்ந்தது. மூன்றாவது ஊசியோடு வந்துவிட்டது.

"இப்ப என்னாகும்?" என்றாள் மனைவி.

"அவ்வளவுதான். ஒரு பின் போனாலும் போர்டு செத்த மாதிரிதான்."

அவள் ஊசியை வாங்கி நூற்கண்டில் குத்தினாள். "ஆயிரம் பின்ல ஒண்ணு போனதுக்கே மிஷினு நின்னுடும்ங்கறீங்க. நம்ம குடும்பத்துல மொத்தமே அஞ்சு பேருதாங்க."

அண்ணன் சமாளிக்க வார்த்தை தேடிப் பார்த்தார். பத்தொன்பது வருடம் மற்றவர் வாயை அடைத்த வாயில் ஒன்றும் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறக்கவில்லை. கையிருப்பில் இருந்த சிப்புகளில் தம்பி கடைக்கென்று வகைக்கு ஒன்றாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டார். ஸ்டுடியோக்காரரின் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறி உட்கார்ந்தார். மூன்று தெருவும் ஒத்திகை நடந்தது. 'டேய்' என்று ஆரம்பித்தால் பழைய அதிகாரம்போல் இருக்கும். 'தம்பி' என்றால் மேடைப் பேச்சாகிவிடும். எதுவும் சொல்லாமல் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, உட்காருமா என்று மட்டும் கேட்கலாம். அவன் உட்காராது என்பான். அப்புறம் அந்த அகராதி விஷயத்தைச் சொல்லிவிடலாம். விளையாட்டுக்குச் சொன்னது என்று வேண்டாம்; தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றே சொல்லிவிடலாம். சொல்லிப் பார்த்தார். நினைத்த அளவு கஷ்டமாக இல்லை.

"என்ன சார்?" என்று திரும்பினான் ஆட்டோக்காரன்.

"உன்னை இல்லப்பா."

தம்பி கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மேலே பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணிகள் மட்டும் இருந்தன. வாசலில் சர்வேயர் அத்தான் டேப்பை நீட்டிப் பிடித்து, சுவரின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். உள்ளே குனிந்து பார்த்தால் காலி அலமாரிகள்.

"இங்க என்ன அத்தான் அளக்கறீங்க?"

"புதுசா வர்றவரு போர்டு மாட்டணுமாம். மருந்துக்கடை."

"அவன் எங்க?"

"நேத்துக் காலையிலயே கெளம்பிட்டான். வெளியூர்ல ஏதோ கம்பெனி வேலை. இருந்த சரக்கையெல்லாம் ஒரு வியாபாரிகிட்ட மொத்தமாத் தள்ளிவிட்டுட்டான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"சொல்லட்டுமான்னு நானும் கேட்டேன். 'அண்ணன் கேட்டா சொல்லுங்க'ன்னான்."

அண்ணன் பெட்டியைப் படியில் இறக்கி வைத்தார். கையிலிருந்த பை கனத்தது. நேற்றுக் காலை இந்த நேரத்தில், பூதக்கண்ணாடியும் ஊசியுமாக உட்காருவதற்கு முன்னால், அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? பார்சலுக்காகத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார்மேலாவது கோபப்பட்டே ஆகவேண்டும் போலிருந்தது. எதிரில் அத்தான்தான் இருந்தார்.

"எல்லாம் உங்களாலதான் அத்தான்! சிப்ப ஒரு பக்கமும் போர்ட ஒரு பக்கமும் பிரிக்கலாம்னு எந்த மடையனுக்காவது தோணுமா? ஒழுங்காப் பாதிப் பாதியாப் பிரிச்சிருந்தா அவனும் பொழச்சிருப்பான், நானும் பொழச்சிருப்பேன். தெரியாத வேலையில ஏன் கைய வச்சீங்க? அந்தப் பட்டியலை எழுதுனப்ப என்னதான் நெனச்சுக்கிட்டு எழுதுனீங்க?"

அத்தான் டேப்பை விட்டார். அது சரசரவென்று சுருண்டு தன் டப்பாவுக்குள் போனது.

"நான் படிச்சதோட சரி மாப்ள. எழுதிக் குடுத்தது உன் தம்பி," என்றார். "'அண்ணனுக்குப் போர்டையும் குடுத்துட்டா, அப்புறம் என்னைக் கூப்பிட அவருக்கு என்ன அத்தான் இருக்கு?'ன்னு கேட்டான்."