இரண்டு விரல் கட்டை

மூன்றாவது குண்டும் பாறையில்தான் பட்டது. குறி வைத்த தகரக் குடம் வெயிலில் மின்னிக்கொண்டு அப்படியே நின்றது.

பெய்ஷென் புஜத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"குடத்துக்கு ஆயுசு கெட்டி," என்றார் பக்கத்து வீட்டு சத்தார். "ஓநாய்க்கும் அப்படித்தான் போல."

"துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான் அண்ணே. கட்டை கொஞ்சம் நீளம்."

"கட்டை நீளமில்ல தம்பி. உன் கை குட்டை."

சத்தார் வாங்கிப் பார்த்தார். வால்நட் மரத்தில் செய்த பின்கட்டை. இடப்பக்கமாக லேசாக வளைந்திருந்தது. தோளில் வைத்தால் கன்னத்தில் இடித்தது. வலப்பக்கம் யாருக்கும் உதவாத ஒரு புடைப்பு.

"செஞ்ச தச்சன் அன்னைக்குக் குடிச்சிருந்தானோ என்னமோ. வேற கட்டை போடு, இல்ல வித்துத் தொலை. இன்னைக்குத் திங்கள். வெள்ளிக்கிழமை யார் முறைன்னு ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. வேறு எதுவும்தான் ஞாபகத்தில் இல்லை.

அந்தத் தெருவில் மேய்ச்சல் வீட்டுக்கு ஒரு நாள். நூற்றுநாற்பது ஆடுகளையும் முறைக்காரன்தான் மலைக்கு ஓட்டிப்போய் எண்ணிக்கை குறையாமல் கொண்டுவர வேண்டும். இந்த மாதம் நொண்டி ஓநாய் ஒன்று நாலு பேர் முறையில் நாலு ஆட்டைத் தூக்கியிருந்தது. 'என் முறையில வரட்டும், தோலை உரிச்சுத் தெருவுல தொங்கவிடறேன்' என்று பெய்ஷென் ஒரு கல்யாண விருந்தில் சொல்லியிருந்தான். சொன்னவனுக்கு மறந்தாலும் தெருவுக்கு மறக்காது.

அப்படிப் பேசவைத்ததே இந்தத் துப்பாக்கிதான். இரண்டு மாதத்துக்கு முன் புருலைக் கட்டிக்கொண்டு வந்தபோது, அவளுடைய சீர் மெத்தைகளுக்கு நடுவில் சுருட்டிவைத்து வந்தது. பிரித்துப் பார்த்த அம்மா கன்னத்தில் கை வைத்தாள்.

"மாப்பிள்ளைக்குத் துப்பாக்கி! சம்பந்தின்னா இப்படி இருக்கணும்!"

"அத்தை, ஒண்ணு சொல்லணும்..." என்றாள் புருல்.

"புது மருமக வந்த அன்னைக்கே பேசுறதா? போய் டீ ஊத்து."

புருல் டீ ஊற்றினாள். அதற்குள் பெய்ஷென் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போய் வந்துவிட்டான். அவன் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தாள். சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டாள்.

மாமனார் கொடுத்ததை விற்பதா? செய்தி காற்றைவிட வேகமாகக் கணவாயைத் தாண்டி அவர் ஊருக்குப் போய்விடும். பெய்ஷென் ரம்பத்தை எடுத்தான்.

"என்னங்க, அறுக்காதீங்க," என்றாள் புருல் வாசலிலிருந்து. அவனைவிட ஒரு தலை உயரம். நிலைப்படியில் குனிந்துதான் நிற்க வேண்டும்.

"ரெண்டே விரல். உனக்கு இதெல்லாம் புரியாது."

ரம்பம் ஓடி முடியும்வரை அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். விழுந்த துண்டைக் குனிந்து எடுத்து மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அடுப்புக்கு என்று அவன் நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை சுட்டுப் பார்த்தான். இப்போது கட்டை குட்டை. குண்டு போன திசை தெரியவில்லை. பின்னால் உதைத்ததில் அவன் கட்டைவிரலே அவன் மூக்கைக் குத்தி ரத்தம் கொட்டியது.

"ஓநாய் உன்னைப் பார்த்தா இனி ஓடாது தம்பி," என்றார் சத்தார். "பாவம்னு பக்கத்துல வந்து உக்காரும்."

பின்கட்டையின் முனைக்குக் கம்பளி வைத்துக் கட்டினான். ராத்திரிப் பனியில் ஊறிக் காலையில் அது கல்லாக உறைந்திருந்தது. அதையும் தோளில் வாங்கினான். கை தலைக்கு மேலே எழும்பவில்லை. ஆத்திரத்தில் வலப்பக்கப் புடைப்பைச் சீவிவிட உளியை எடுத்தான்.

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த புருலின் கையிலிருந்து தாம்பாளம் விழுந்தது. அவள் வெளியே வரவில்லை. பின்வாசல் வழியாக வேகமாகப் போனாள். சத்தார் வீட்டு நாய் இரண்டு தடவை குரைத்து அடங்கியது.

உளி கட்டையில் படுவதற்கு முன்னால் சத்தார் வந்து நின்றார்.

"நிறுத்து. ஆள் கிடைச்சாச்சு."

"எதுக்கு?"

"துப்பாக்கிக்கு. ரெண்டு வயசுப் பெண்குதிரை ஒண்ணு தராங்க. யாருன்னு கேக்கக்கூடாது. இன்னைக்கே கைமாறணும். இனிமே அது மேல உளி, ரம்பம் எதுவும் படக்கூடாது."

பெய்ஷென் வீங்கின மூக்கைத் தடவினான். மாமனார் கேட்டால்? ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லலாம். குதிரையைப் பார்த்தால் வாயடைத்துப் போவார்.

"சரி," என்றான்.

மத்தியானம் சாம்பல்நிறக் குதிரை வந்தது. பெய்ஷென் கிட்டே போனால் உதைத்தது. அம்மா உப்பு நீட்டினாள், கடிக்க வந்தது. புருல் வந்தாள். குதிரை நேரே அவள் சட்டைக் கைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது.

"உனக்குக் குதிரைன்னா கைராசி போல," என்றான் பெய்ஷென்.

"இருக்கும்," என்றாள் அவள்.

வியாழக்கிழமைதான் அவனுக்கு அடுத்த யோசனை வந்தது. அதாவது, நாளைக்கு ஓநாயை எதை வைத்துச் சுடுவது? யாரிடம் இரவல் கேட்டாலும் 'உன்னுது எங்கே' என்பார்கள். விற்றேன் என்றால் கல்யாண விருந்தில் பேசிய பேச்சு அத்தனையும் பல்லிளிக்கும்.

ஆகவே வெள்ளிக்கிழமை விடியலில் அவன் வைக்கோல் வாரியின் காம்பைக் கழற்றி, வீட்டிலேயே தங்கிவிட்ட துப்பாக்கி உறைக்குள் செருகினான். கச்சிதமாக இருந்தது. துப்பாக்கிகூட அவன் தோளில் அவ்வளவு பொருத்தமாகத் தொங்கியதில்லை.

தெருவே வாசலில் நின்று வழியனுப்பியது.

"தோலைக் கிழிக்காம சுடு!" என்றார் ஒரு கிழவர்.

"மூக்கைப் பார்த்துக்கோ!" என்றாள் யாரோ ஒருத்தி.

ஆடுகள் மேட்டில் ஏறின. நேற்றைய பனி திட்டுத்திட்டாகக் கிடந்தது. பத்து மணிக்கு மலையிடுக்கிலிருந்து மூடுபனி இறங்கியது. முதலில் ஆட்டுச் சத்தம் நின்றது. அப்புறம் மந்தை நாய் வந்து அவன் காலுக்குள் நுழைந்துகொண்டது.

இருபது அடியில், ஒரு காலை இழுத்துக்கொண்டு, அது வந்தது.

அவசரமே படவில்லை. ஆடுகளைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. எந்த ஆடு என்று நிதானமாகப் பொறுக்கியது. கடைசி வரிசையில் நின்ற சினை ஆட்டின் மேல் அதன் பார்வை நின்றது. அந்த ஆடு தெருக்கோடி விதவை ஷிரினுடையது. அவளுக்கு இருப்பதே அந்த ஒன்று.

பெய்ஷென் கத்தினான். கல்லைத் தேடினான். எல்லாம் உறைந்து தரையோடு ஒட்டியிருந்தது. ஓநாய் பதுங்கியது. வேறு வழி தெரியாமல் தோளில் இருந்ததை உறையோடு இழுத்து அதன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

வெடித்தது.

ஓநாய் ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது. அப்புறம் அசையவில்லை.

பெய்ஷென் கையில் இருந்த வாரிக்காம்பைப் பார்த்தான். முனையை முகர்ந்துகூடப் பார்த்தான். வைக்கோல் வாசனைதான் வந்தது.

சத்தம் கேட்டுத் தெரு முழுக்க மேடேறி ஓடி வந்தது. ஓநாயைப் புரட்டினார்கள். காதுக்குக் கீழே ஒரே ஓட்டை. "ஒரே குண்டு!" என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் அதையே சொன்னார்கள். ஷிரின் தன் ஆட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் வந்து அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மா எல்லாரையும் தள்ளிக்கொண்டு நடுவில் வந்தாள்.

"சம்பந்தி கொடுத்த துப்பாக்கிடி! எடுத்துக் காட்டுடா எல்லாருக்கும்!"

"அப்புறம் காட்டறேன்மா."

"இப்பவே காட்டு. குழலு இன்னும் சூடா இருக்கும்."

"சூடா இருக்கும்னுதான் சொல்றேன். தொடக்கூடாது."

"நான் தொட்டுப் பாக்கறேன்," என்று உறையின் கயிற்றைப் பிடித்தார் கிழவர். பெய்ஷென் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் இழுத்தார்கள். சத்தார் மட்டும் திடீரென்று இருமல் வந்தவர்போல முதுகைக் காட்டி நின்றார்.

அப்போது மேல்சரிவிலிருந்து புருல் இறங்கி வந்தாள், சாம்பல்நிறக் குதிரையில். முறைக்காரனுக்குச் சோறு கொண்டுவருவது வீட்டுக்காரியின் வேலை. ஒரு பக்கம் ரொட்டி மூட்டை. இன்னொரு பக்கம் சுருட்டிக் கட்டிய ஒரு சீர் மெத்தை.

"மெத்தை எதுக்குடி மலைக்கு?" என்றாள் அம்மா.

"அவருக்குக் குளிருமேன்னு, அத்தை."

அவள் இடது கன்னத்தில், எதையோ அழுத்திப் பிடித்த மாதிரி ஒரு சிவப்புத் தடம். பெய்ஷெனின் கை தளர்ந்தது. கிழவர் இழுத்த இழுப்பில் உறை கழன்று, வாரிக்காம்பு எல்லார் நடுவிலும் பனியில் விழுந்தது.

கிழவர் அதைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான், வெடிச்சத்தம் கேட்டு, கழுதைமேல் வந்து சேர்ந்தார் மலையிடுக்கு ஆலைக்காரர் மூசா. அந்தப் பக்கத்தில் மரவேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. ஓநாயைப் பார்க்கவில்லை, காம்பைப் பார்க்கவில்லை. நேரே போய்க் குதிரை மேல் இருந்த மெத்தையைத் தட்டிப் பார்த்தார்.

"நான் ஒட்டின துண்டு விடலையே, புருல்? பதினஞ்சு வயசுல உன் இடது கைக்கு அளவெடுத்துச் செஞ்சதும்மா இது. இதைப் போய் ரெண்டு விரல் அறுத்து, மீட்க உன் குதிரையையே கொடுக்கவெச்ச மடையன் யாருன்னு இப்பவாவது சொல்லுவியா?"