சாரைப்பாம்பின் ஓலைப் பங்குகள்

டொக், டொக், டொக். ஐம்பது மழைக்காலத்துக்கு முன்பு ஒரு காட்டில் காலை ஒன்பது மணியானால் மரங்கொத்தி மருதமரத்தை மூன்று தரம் கொத்தும். சந்தை திறந்தாயிற்று என்று அர்த்தம். பாம்புக்குக் காது கேட்காது என்பார்கள். நீலாயதாட்சி என்ற சாரைப்பாம்பு அந்த ஓசையை அடிவயிற்றால் கேட்டாள். கல்லூரி முடித்த புதுசு. பொருளாதாரம் படித்திருந்தாள், கவிதையும் எழுதினாள். இரண்டில் எது தன்னைக் கெடுத்தது என்று பின்னாளில் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மரத்தடியில் ஐந்தாறு தரகர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அந்தக் கூச்சலில் ஏதோ சந்தம் இருப்பதாக நினைத்து, முதல் சம்பளத்தைக் கொட்டிக் கரையான் கட்டுமானக் கம்பெனியில் நூறு பங்கு வாங்கினாள். பங்கு என்பது ஓர் ஓலை. கையெழுத்து என்பது ஈரமணலில் ஊர்ந்து காட்டும் தடம். அதை அச்செடுத்து அலுவலகத்தில் வைத்துக்கொண்டார்கள்.

சந்தை வளர்ந்தது. மரத்தடி மண்டபமாயிற்று. ஒரு கழுகு எல்லார் பணத்தையும் தூக்கிக்கொண்டு பறந்தபின் சட்டங்கள் வந்தன. அக்கம்பக்கத்துக் காடுகளும் சேர்ந்து அது தேசியச் சந்தையாயிற்று. கூச்சல் போய்த் திரை வந்தது. ஓலைகள் இனிச் செல்லாது, எல்லாம் கணினியில் ஏற வேண்டும் என்று அறிவித்தார்கள். நீலாயதாட்சி அப்போது ஓர் எதுகையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் கரையான் கம்பெனியிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அவள் குடியிருக்கும் புற்றை ஐப்பசிக்குள் விலைக்கு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். பங்குகளை விற்றால் புற்றை வாங்கிவிடலாம். தரகன் செங்கோடனிடம் போனாள். அவன் கீரி. கமிஷன் என்று வந்தபின் பரம்பரைப் பகையாவது ஒன்றாவது.

"நல்ல விலை போகுதுக்கா. நாலாம் கவுண்டர்ல ஓலையைக் கணினியில ஏத்திட்டு வாங்க, அன்னிக்கே வித்துடலாம்" என்றான்.

அவளால் வரிசையில் நிற்க முடியாது, படுத்தாள். ஐந்து பேர் இடத்தை ஒருத்தியே அடைத்துக்கொண்டதாகப் பின்னால் சண்டை. கவுண்டரில் ஒரு பெருச்சாளி. விழுங்க அரை நிமிஷம் ஆகாது. ஆனால் விழுங்கிவிட்டால் முத்திரை குத்த ஆள் இல்லை.

"கையெழுத்து பொருந்தலைம்மா. அப்ப மெலிசு, இப்ப..." பெருச்சாளி மரியாதைக்காக நிறுத்திக்கொண்டான்.

"வயசாகாதாப்பா?"

"உங்களுக்கு ஆகலாம்மா. கையெழுத்துக்கு ஆகக் கூடாது. அன்னிக்குப் போட்டிருந்த சட்டை இருந்தா கொண்டாங்க, பார்க்கலாம். இப்ப போட்டோவுக்குக் கொஞ்சம் நிமிருங்க."

உரித்த சட்டையை எந்தப் பாம்பு பத்திரப்படுத்தும்? படித்தவள் அல்லவா, நீலாயதாட்சி ஒரு வழி கண்டுபிடித்தாள். கையெழுத்துக்கு ஏற்றபடி உடம்பை இளைக்க வைப்பது. மூன்று மாதம் பட்டினி கிடந்தாள். தவளைகள் அவள் முதுகில் பல்லாங்குழி ஆடின. ஐப்பசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மறுபடி மணலில் ஊர்ந்து காட்டினாள். தடம் இம்மி பிசகவில்லை.

"அச்சு அசல்!" என்றான் பெருச்சாளி. "ஆனா போட்டோதான் உங்கள மாதிரி இல்லை. இதுல குண்டா இருக்கீங்களே?"

ஐப்பசி பிறந்தது. கொட்டுகிற மழையில் நீலாயதாட்சி புற்றைக் காலி செய்தாள். ஓலைகள் அப்படியே இருந்தன. விலை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

சந்தையின் பொன்விழாவில் அவளுக்குப் பொன்னாடை. போர்த்தத் தோள் இல்லாததால் சுற்றிவிட்டார்கள்.

"அம்பது வருஷமா ஒரு பங்கைக்கூட விக்காத எங்க அக்கா!" என்று செங்கோடன் ஒலிபெருக்கியில் முழங்கினான். "விலை ஆயிரம் மடங்கு! இந்தப் பொறுமை யாருக்கு வரும்?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். கைதட்டல் இதமாக இருந்தது. முக்கால் மணி நேரம் பொறுமையைப் பற்றிப் பேசினாள்.

அவள் இப்போது சந்தைக் கட்டடத்தின் மழைநீர்க் குழாயில் இருக்கிறாள். அவளுடைய புற்றை வாங்கிய செங்கோடன் அதில் குடும்பத்தோடு இருக்கிறான்.

நீதி: கையெழுத்து பொருந்தாமல் போவதற்குப் பெயர்தான் நீண்டகால முதலீடு.