ஜெர்மனுக்கு 'ங்க' போட்டவர்

ஜெர்மன் மொழிக்கு மரியாதை சொல்லிக்கொடுத்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் பீளமேட்டில்தான் இருக்கிறார். ஜெர்மனிக்காரர்களுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அவரை எல்லோரும் 'சங்குக்காரர்' என்போம். எங்கள் தெருவுக்குப் பின்னால் மூடிக்கிடக்கிறதே நூல் மில், அங்கே முப்பது வருடம் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தவர். கடைசி ஐந்து வருடம், ஷிப்ட் மாறும்போதெல்லாம் சங்கு ஊதுகிற வேலை. மில்லை மூடினார்கள், சங்கு மட்டும் அவர் தொண்டைக்குள் குடிவந்துவிட்டது. டீக்கடையில் அவர் "சக்கரை கம்மியா" என்றால் அடுத்த தெருக் கடையிலும் சர்க்கரையைக் குறைத்துப் போடுவார்கள். வயது எழுபத்து நான்கு.

எங்கள் வீட்டு மாடியில் லாவண்யா என்றொரு டீச்சர் குடிவந்து, ஞாயிறு காலைகளில் குழந்தைகளுக்கு ஜெர்மன் வகுப்பு ஆரம்பித்தார். கேட்டில் ஒரு பலகை: 'ஐந்து வயது முதல் சேரலாம்.' என் ஏழு வயது மகள் யாழினியையும் சேர்த்து எட்டுக் குழந்தைகள். ஒன்பதாவதாக வந்து நின்றவர் சங்குக்காரர். கையில் புது நோட்டு; அதற்குப் பிரவுன் அட்டை வேறு.

"ஐயா, இது குழந்தைகளுக்குங்க," என்றார் லாவண்யா.

"போர்டுல அஞ்சு வயசு முதல்னு போட்டிருக்குதுங்க அம்மணி. எதுவரைக்கும்னு போடலீங்களே? எனக்கு அஞ்சு முடிஞ்சு ரொம்ப நாளாச்சுங்க."

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. 'இந்த வயசுல இவருக்கு எதுக்கு?' என்று முதலில் எழுதிய புண்ணியவான் நான்தான். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் லாவண்யா. இரண்டாவது வாரமே, அவர் பக்கத்தில் யார் உட்காருவது என்று குழந்தைகளுக்குள் அடிதடி. மூன்றாவது வாரம் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

ஏன் இந்த ஆசை என்று அவரிடமே கேட்டேன். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"எங்க மெஷின் ஜெர்மன்காரன் செஞ்சதுங்க. அதுல செவப்பு எழுத்துல ஒரு தகடு. முப்பது வருசமாப் பார்த்துட்டே இருந்தேன், என்ன எழுதியிருக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியலீங்க. மில்லை மூடறப்போ பார்த்து எழுதிட்டு வந்துபோட்டேன். கேட்டா டீச்சர் ஒரே நிமிசத்துல சொல்லிப்போடுவாங்க. நானே படிக்கோணுமுங்க."

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, எழுத்துக்கூட்டிப் படித்தே விட்டார். தகட்டில் இருந்தது: 'தொடாதீர்கள்.'

"ஏனுங்க அம்மணி, வருசா வருசம் ஆயுத பூசைக்கு அதத் தொட்டுத் தொடச்சு, அது மேலதானுங்க சந்தனம் வெச்சுப் பொட்டு வெச்சேன்!" என்று அவர் அலற, குழந்தைகள் உருண்டார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான்.

மரியாதை விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனில் நன்றி சொல்ல 'டாங்கெ' என்பார்களாம். அதைக் கேட்ட அன்று மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். "டா... ங்க! அங்கயும் 'ங்க' இருக்குதுங்க!" ஆனால் ஆமாம் என்பதற்கு வெறும் 'யா', இல்லை என்பதற்கு வெறும் 'நைன்'. இப்படி மொட்டையாகப் பேச அவருக்கு நாக்கு வரவில்லை. "யாங்க" என்றார். "நைனுங்க" என்றார். ஒரே மாதத்தில் எட்டுக் குழந்தைகளும் சுத்தமான கொங்கு ஜெர்மன் பேசின.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நவம்பர் வந்தது. பென்ஷன் வாங்குகிறவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டிய மாதம். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். நான் வேறு வேலையாக வங்கிக்குப் போயிருந்தேன். எந்த வங்கி என்பது வேண்டாம். வரிசையில் சங்குக்காரர். ரேகைப் பெட்டியில் பெருவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தார். சிவப்பு. பத்து விரலும் ஆயிற்று. முப்பது வருடம் நூல் உரசிய விரல்கள். ரேகைக்கு எங்கே போவது?

"ஐயா, ரேகை விழலீங்க. பையனை வரச் சொல்லுங்க," என்றார் கவுண்ட்டரில் இருந்த இளைஞர், மிக மரியாதையாக.

"பையன் இல்லீங்க."

"அப்ப பொண்ணுங்க?"

"பொண்ணு ஆனைமலைல இருக்குதுங்க. அது வந்து சொன்னாத்தான் நான் உசுரோட இருக்கறேனுங்களா? நான் சொன்னா ஆகாதுங்களா?"

இளைஞர் அடுத்தவரைக் கூப்பிட்டார். சங்குக்காரர் நகர்ந்து நின்று தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய குரல் அன்று எங்கே போனதோ. பார்க்க எனக்கே தாங்கவில்லை.

அடுத்து வந்தவர் சோமனூரில் தறி ஓட்டிய ஓர் அம்மா. அவருக்கும் சிவப்பு. "மூணாம் நாளா வாரேனுங்க சாமி. இன்னும் எத்தன நாள் பஸ் ஏறறது?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பின்னால் இன்னும் ஐந்து பேர். அத்தனை பேரும் ஏற்கெனவே திருப்பி அனுப்பப்பட்டவர்கள்.

சங்குக்காரர் தலையை நிமிர்த்தினார். எனக்குப் புரிந்துவிட்டது, ஷிப்ட் மாறப் போகிறது என்று.

"இஷ் லேபெ இன் கோயம்புத்தூர்!"

நான் கோயம்புத்தூரில் வாழ்கிறேன் என்று அர்த்தம். போன ஞாயிறு பாடம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காவலாளி ஓடிவந்தார். பணம் எடுக்க வந்தவர்கள் எடுக்காமல் நின்றார்கள்.

"தமிழ்ல சொன்னேன், நம்பலீங்க. அதுதான் ஜெர்மன்ல சொல்றேன். இஷ் லேபெ! நான் உசுரோட இருக்கறேன்! எனக்கு இன்னும் சங்கு ஊதலீங்க, நான்தான் பல பேத்துக்கு ஊதியிருக்கறேன்!"

சோமனூர் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, "இஸ் லேபெங்க!" என்றார். மற்ற ஐந்து பேருக்கும் அது போதுமானதாக இருந்தது. ஏழு முதியவர்கள் சேர்ந்து ஜெர்மனில் தங்கள் உயிரை அறிவித்த முழக்கம் எங்கள் அவினாசி ரோட்டுப் போக்குவரத்தையும் தாண்டிக் கேட்டிருக்கும்.

மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவரிடம் சங்குக்காரர் கத்தவில்லை. ரேகை விழாவிட்டால் காட்டச் சொல்லி லாவண்யா பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்த பென்ஷன் விதிக் காகிதத்தை நீட்டினார்.

"ரேகை உழுகலீன்னா மொகத்தப் படம் புடிச்சுப் பதியலாமுங்க. இல்லாட்டி ஆபீசரே பார்த்துக் கையெழுத்துப் போடலாமுங்க. இதுல இருக்குதுங்க. எல்லாரும் எங்களுக்கு 'ங்க' போடறீங்க, சந்தோசமுங்க. ஆனா அடுத்த வார்த்தை பையனக் கூட்டிட்டு வாங்கறீங்க. எங்க வேலைய நாங்களே முடிச்சுட்டுப் போற வழிய வெச்சுக் குடுங்க. அதுதானுங்க மரியாத."

மேனேஜர் படித்தார். மீண்டும் ஒருமுறை படித்தார். பிறகு அந்த இளைஞரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். தனி மேசை வந்தது, ஏழு நாற்காலி வந்தது, டீயும் வந்தது. இளைஞரே மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொருவர் முன்பும் செல்போனைப் பிடித்து முகத்தைப் பதிந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஏழு பேரும் அதிகாரபூர்வமாக உயிரோடு இருந்தார்கள். சோமனூர் அம்மா படி இறங்கும்போது இரண்டு முறை திரும்பி நின்று கும்பிட்டார்.

அந்த மேசை இன்றும் அங்கே இருக்கிறது. 'ரேகை விழாதவர்கள் இங்கே வரவும்' என்ற பலகையோடு. இப்போது புதன்கிழமைகளில் சங்குக்காரருக்கு வேறு வேலையே இல்லை. யாரையாவது, 'பையனை வரச் சொல்லுங்க' என்று எந்த அலுவலகமாவது திருப்பி அனுப்பியிருந்தால் அவரோடு துணைக்குப் போய் நிற்கிறார். பெரும்பாலும் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காதாம். ஆள் நுழைவதைப் பார்த்ததும் நாற்காலி வந்துவிடுகிறது.

வருடக் கடைசியில் ஒன்பது பேருக்கும் ஆன்லைனில் வாய்மொழித் தேர்வு. முடிந்ததும் தேர்வாளர் லாவண்யாவைத் தனியாக அழைத்து, "உச்சரிப்பு அருமை. ஆனால் எல்லா வாக்கியத்தின் முடிவிலும் ஏதோ ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன?" என்று கேட்டாராம். "எங்க ஊர் வழக்குங்க," என்றிருக்கிறார் லாவண்யா. ஒன்பது பேரும் தேர்ச்சி.

போன வாரம் வீட்டுப்பாடம், 'என் நண்பர்' பற்றி மூன்று வாக்கியம். யாழினி எழுதியதை அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தேன். 'என் நண்பருக்கு முன்பல் இல்லை. எனக்கும் இல்லை. நாங்கள் இருவரும் நிறையச் சிரிப்போம்.'

ஞாயிறு காலை பத்து மணிக்குள் மாடிப்படியில் அந்தக் குரல் கேட்கவில்லை என்றால், இப்போதெல்லாம் முதலில் கேட்டுக்கு ஓடிப்போய்த் தெருவை எட்டிப் பார்ப்பது என் மகள் அல்ல, நான்தான்.